ஔவையார் உண்ட கனி

உண்ணும் பொருள் கைதவறித் தரையில் விழுந்துவிட்டால் அதனை எடுத்து உண்ணலாமா, எறிந்துவிட வேண்டுமா என்பது நூலாராய்ச்சிக்கு உரிய வினாவாகப் பலர்க்குத் தோன்றாது. அடுக்களையிலே தாய்மார் ஒரு சொல்லில் முடித்துவிடும் காரியம் அது. ஆயினும், தமிழுலகு பாட்டி என்று உரிமையோடு அழைக்கும் பெரும்புலவர் ஒருவரின் வரலாற்றிலே, சிறு குழந்தையும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று இவ்வினாவை அடியாகக் கொண்டே எழுந்துள்ளது. நாவல் மரத்தடியில் மணலில் விழுந்த கனியை எடுத்து ஊதிய ஔவையாரை அறியாத தமிழர் யார்?

யானும் அறிந்தேன் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். என் அறிவு எத்துணைக் குறையுடையது என்பதைக் காட்டியவள் ஒரு தோட்டத்துச் சிறுமி.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையிலே, நமுனுக்குல மலையை நோக்கி ஏறும் தேயிலைச் சரிவொன்றில் அமைந்த பாடசாலையில் யான் முன்னர்த் தமிழ் கற்பித்தேன். ஒருநாள் இடைவேளையின்போது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தாளிற் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டியை விரித்தாள். பின்னால் ஓடிவந்த பிள்ளை ஒன்று இடிக்க, ரொட்டி விறாந்தையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, இருபுறமும் ஊதி, வாயருகே கொண்டு சென்றாள். யான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தம் கற்பிப்பது ஆசிரியன் கடமையன்றோ? அதனைக் குப்பைக் கூடையில் போடும்படி கூறினேன். அவள் ஒருகணம் என் முகத்தைப் பார்த்தாள்; பின்பு சொன்னபடியே செய்தாள்.

அடுத்த பாடம் தமிழ். பிள்ளைகளை மகிழ்விக்க எண்ணிச் சுட்ட பழத்தின் கதையைச் சொன்னேன். சிறுவன் மரத்தின்மேலிருந்து கேட்ட கேள்வியையும், மூதாட்டி மணலை ஊதியதையும், அவன் நகைத்ததையும் சொன்னபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. அச்சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, பாட்டி அதன் பிறகு அந்தப் பழத்தைச் சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. இக்கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிறர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். சொல்வோர் எவரும் சிறுவனின் சொற்சாதுரியத்தோடு கதையை முடித்துவிடுகின்றனர். பசியோடு மரத்தடிக்கு வந்த மூதாட்டியின் வயிறு என்னாயிற்று என்று எவரும் கூறக் கேட்டதில்லை. அன்று மாலை வேறொன்றும் அறிந்தேன். தாய் மலையிலிருந்து திரும்பி அடுப்பு மூட்டும் வரையில் அச்சிறுமிக்கு இருந்த உணவு அந்த ஒரு ரொட்டியே.

அவ்வினாவுக்கு விடை தேடி ஔவையார் வரலாற்றை மீண்டும் புரட்டினேன். கண்டவற்றை இங்கே முறைப்படுத்திக் கூறுகிறேன்.

ஒரு பெயர், பல புலவர்

ஔவையார் வரலாறு எழுதப் புகுவோர் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஔவை என்பது தாய், மூதாட்டி என்னும் பொருள்படும் மதிப்புச் சொல். அப்பெயர் தாங்கிய புலவர் ஒருவர் அல்லர். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த சிலர் ஆவர். எட்டுத்தொகையிலே ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என அவை பகுக்கப்பெறும். இவற்றைப் பாடியவர் அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் வாழ்ந்த சங்கப் புலவர்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்னும் நீதிநூல்களை அருளியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். அவரைக் கம்பர், ஒட்டக்கூத்தர் ஆகியோர் காலத்தவர் என்று சொல்லும் வழக்கு உண்டு. இவர்களன்றி, ஊர் ஊராக நடந்து, கண்டோரைப் பாடி, கிடைத்ததை உண்டு திரிந்த ஒரு மூதாட்டியைத் தனிப்பாடல்கள் நம் கண்முன் நிறுத்துகின்றன. விநாயகர் அகவல் பாடியவரையும் ஔவையார் என்றே வழங்குகிறோம்.

ஆராய்ச்சியாளர் இவர்களைப் பிரித்து எண்ணுவர். மக்கள் மனம் பிரிக்கவில்லை. பல நூற்றாண்டுகளாக அது இவர்கள் யாவரையும் ஒரே கிழவியாக்கி, கையில் ஒரு கோலைக் கொடுத்து, தமிழகத்தின் வழிகளிலெல்லாம் நடக்க விட்டிருக்கிறது. 1953 ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட திரைப்படத்திலே கே. பி. சுந்தராம்பாள் ஏற்று நடித்தது இந்த ஒன்றுபட்ட ஔவையாரையே. வரலாற்று உண்மையை வேறாகவும், செவிவழி வழக்கை வேறாகவும் உணர்ந்துகொண்டே, யானும் இங்கு மக்கள் கண்ட அவ்வாழ்க்கையைத் தொடர்கிறேன். ஏனெனில் சிறுமி கேட்டது அந்தப் பாட்டியைப் பற்றியே.

தரையில் விடப்பட்ட குழவி

ஔவையாரின் பிறப்பைப் பற்றிய கதை கபிலரகவல் என்னும் நூலிலும் செவிவழி மரபிலும் வழங்குகிறது. பகவன் என்பவனும் ஆதி என்பவளும் கணவன் மனைவியாய் வழிநடந்தனர். பிறக்கும் குழந்தையைப் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு உடன் வரவேண்டும் என்பது பகவன் விதித்த நிபந்தனை. அவ்வாறு எழுவர் பிறந்தனர். எழுவரும் பிறந்த இடத்தில் விடப்பட்டனர். உப்பையை வண்ணாரும், வள்ளியைக் குறவரும், கபிலரை அந்தணரும், வள்ளுவரைப் பறையரும் எடுத்து வளர்த்தனர். ஔவையை எடுத்து வளர்த்தவர் பாணர். தாய் மனம் பொறாது நின்றபோது, மண்ணிற் கிடந்த குழந்தைகளே வாய்திறந்து, உயிரைப் படைத்தவன் உணவையும் அளிப்பான் என்னும் கருத்துப்பட அவளைத் தேற்றின என்பது கதை.

காலக் கணக்கிற்கு ஒவ்வாத கதை இது. கபிலரும் வள்ளுவரும் ஒரு வயிற்றிற் பிறந்தவர் என்பதை வரலாற்றறிஞர் ஏற்பதில்லை. ஆயினும் கதையைப் படைத்தவர்களின் உள்ளம் நோக்கத்தக்கது. பிற்காலத்தில் அரசரும் எழுந்து வணங்கிய மூதாட்டியை, அவர்கள் வெறுந்தரையில் கிடந்த ஒரு குழவியாகத் தொடங்கினர். தரையில் கிடந்தது என்று எவரும் ஒதுக்காமல், பாணர் குனிந்து எடுத்ததனாலே தமிழுக்கு ஔவை கிடைத்தார். பாணர் எனப்படுவோர் யாழேந்திப் பாடி, பிறர் தரும் சோற்றை உண்டு வாழ்ந்தவர். இனிப் பசி என்பது இன்னதென்று அறியாத ஔவையாரை நாம் கற்பனை செய்யவே இயலாது.

இளமையில் மணம் பேச வந்தபோது, அதனை விரும்பாது விநாயகரை வேண்டி முதுமைக் கோலத்தைப் பெற்றார் என்பது மற்றொரு வழக்கு. வீடும் குடும்பமும் இல்லாத பெண் தனியே வழிநடக்க முதுமை ஒன்றே அக்காலத்தில் காவலாயிருந்தது போலும்.

அதியமான் அளித்த நெல்லி

சங்க ஔவையாரின் வாழ்க்கை ஓரளவு உறுதியான நிலத்தில் நிற்கிறது. அவரைப் போற்றிய அதியமான் தகடூரை ஆண்டவன். இன்றைய தர்மபுரியே பழைய தகடூர். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையிலே 1981 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால், அவன் புலவர் கற்பனையல்லன் என்பது தெளிவு.

அம்மன்னன் பெருமலைப் பிளவிலே அரிதாய்க் கிடைத்த நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான். உண்டாரை நெடுநாள் வாழவைக்கும் கனி அது. அதன் பெருமையைச் சொல்லாமல் மறைத்து, ஔவையாருக்கு அளித்து உண்ணச் செய்தான். உண்ட பின்னரே அவர் உண்மை உணர்ந்தார். தமிழிலக்கியத்தில் ஒருவர் ஒருவர்க்கு அளித்த உணவுகளுள் இதனினும் உயர்ந்தது வேறில்லை. சிறந்ததைத் தனக்கு வைத்துக்கொள்ளாது பிறர் கையில் வைத்த பெருமையே அக்கனியின் சுவை.

அதே அதியமான் ஒருமுறை பரிசில் தரக் காலம் நீட்டித்தான். ஔவையார் வாயிற்காவலனை நோக்கிப் பாடிய பாட்டிலே, கல்வியுடையார்க்கு எத்திசை சென்றாலும் சோறு உண்டு என்னும் பெருமிதம் ஒலிக்கிறது. மற்றொரு பாட்டிலோ அவர் உள்ளம் தணிந்து, அவன் பரிசில் காலம் தாழ்த்தினும் தவறாது என்கிறார். யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட சோற்றுக் கவளத்தை அதற்கு உவமை ஆக்குகிறார். பசியும் நம்பிக்கையும் அறிந்தவர்க்கே தோன்றும் உவமை இது.

அதியமான் மார்பிலே வேல் பாய்ந்து இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் அவர் முதலில் நினைப்பது அவன் வெற்றிகளை அல்ல. அவன் உண்ட முறையையே. சோறு சிறிதாயினும் பெரிதாயினும் அவன் பல கலங்களோடு பகிர்ந்தே உண்டான் என்று நினைந்து அழுகிறார். ஒருவன் இறந்த பின் அவன் எப்படி உண்டான் என்பதைக் கொண்டு அவனை அளப்பது ஔவையார் வழக்கம். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நான்கு விருந்துகள்

தனிப்பாடல்கள் காட்டும் ஔவையார் சென்ற இடங்களிலே நான்கு விருந்துகள் நம் வினாவுக்கு நெருங்கியவை.

முதலாவது, பாண்டியன் மனையில் நிகழ்ந்த திருமண விருந்து. செல்வமும் சிறப்பும் அங்கே குறைவின்றி இருந்தன. கூட்டமும் அவ்வாறே. அந்த நெருக்கத்தில் தள்ளப்பட்டும் நசுக்கப்பட்டும் பசியால் உடல் சுருங்கியும் மூதாட்டி வெளியே வந்தார். எல்லாம் உண்டும் சோறு மட்டும் உண்ணவில்லை என்று நகைச்சுவை தோன்றப் பாடினார். அரண்மனையின் தரை தூயது. ஆனால் ஒரு கிழவி அமர்ந்துண்ண அங்கு இடமில்லை.

இரண்டாவது, வழியில் ஓர் இல்லத்திலே நேர்ந்தது. கணவன் நல்லவன், புலவரை உபசரிக்க விழைந்தான். மனைவியோ முறத்தை எடுத்து அவனை அடித்துத் துரத்தினாள். பின்னர் எவ்வாறோ இலை இடப்பட்டது, சோறும் பரிமாறப்பட்டது. ஔவையார் அதை உண்ணவில்லை. அன்பில்லாதவள் இட்ட அச்சோற்றைக் காணக் கண்ணும், எடுக்கக் கையும், ஏற்க வாயும் மறுத்தன என்று வருந்தி எழுந்துவிட்டார். அச்சோறு தரையில் விழுந்ததன்று, இலையில் இருந்தது. ஈயும் எறும்பும் மொய்த்ததன்று, சுடச்சுட வந்தது. ஆயினும் அவர் வாழ்வில் உண்ணத்தகாதது என்று மறுத்த உணவு அதுவே.

மூன்றாவது, பாரிமகளிர் இட்ட கீரை. பறம்பு மலையின் தலைவன் மடிந்தபின் வறுமையுற்ற அங்கவையும் சங்கவையும், தம்மிடம் வந்த மூதாட்டிக்கு வேறொன்றும் இல்லாமையால் கீரையைச் சமைத்து, நெய் அளாவி, சூடாக இட்டனர். கீரை என்று பெயர் சொல்லி அமுதத்தை இட்டார்கள் என்று பாடினார் ஔவையார்.

நான்காவது, புல்வேளூர்ப் பூதன் என்னும் உழவன் அளித்த உணவு. வரகரிசிச் சோறு, கத்தரிக்காய்க் கறி, நன்றாகப் புளித்த மோர், இவ்வளவே. அதற்கு விலை கூறப் புகுந்த ஔவையார் உலகம் முழுவதையும் ஈடாகச் சொன்னார்.

இந்நான்கையும் ஒன்றாக வைத்து நோக்குக. ஔவையார் உணவைத் தராசில் இடுகிறார்; ஆனால் அத்தராசில் சுவையோ, செல்வமோ, இலையின் தூய்மையோ நிறையாவதில்லை. கொடுத்தவர் உள்ளமே நிறையாகிறது. ஆத்திசூடியைப் பாடிய பிற்கால ஔவையார் இரத்தலை இழிவென்று கூறியதும், பிறர்க்கு இட்டபின்னரே உண்க என்று பணித்ததும் இத்தராசின் இரு தட்டுகளே. வயிறு படுத்தும் பாட்டை நல்வழியிலே அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஒருநாள் உண்ணாதிரு என்றாலும் கேளாது, இருநாளைக்கு உண் என்றாலும் ஏற்காது என வயிற்றை நோக்கி நொந்துகொண்ட அவர்க்குப் பசி வெட்கத்திற்குரியதன்று. அது உயிரோடு பிறந்த நோய்.

நாவல் மரத்தடியில்

இனி நாவற்கனிக்கு வருவோம். நிகழ்ந்த இடம் மதுரையை அடுத்த பழமுதிர்சோலை என்பர். வெயிலில் நடந்து களைத்த மூதாட்டி மரநிழலில் நின்றார். மேலே கிளையிலிருந்த மாடு மேய்க்கும் சிறுவனிடம் பழம் கேட்டார். பாட்டிக்கு வேண்டுவது சுட்ட பழமோ சுடாத பழமோ என அவன் வினவினான். பழத்தில் இப்படி ஒரு பாகுபாடா என்று திகைத்தவர், சுட்ட பழமே தரும்படி விளையாட்டாகக் கூறினார். அவன் கிளையை உலுக்கினான். கனிந்த பழங்கள் மணலில் விழுந்தன. எடுத்தார்; ஒட்டிய மணல் போக ஊதினார். பழம் மிகச் சுடுகிறதோ என்று கேட்டுச் சிறுவன் நகைத்தான்.

இந்நிகழ்ச்சியோடு இணைத்து வழங்கும் வெண்பா ஒன்று உண்டு. அதிலே பழமும் இல்லை, முருகப்பெருமானும் இல்லை. வைரம் பாய்ந்த கருங்காலியைப் பிளக்கும் கோடாலி மெல்லிய வாழைத்தண்டிடம் நாணுவதுபோல, எருமை மேய்க்கும் ஒரு காளைக்குத் தாம் தோற்றதை எண்ணி இரண்டு இரவு கண் துஞ்சாது என்று புலவர் வருந்துகிறார். அந்தக் காளையை முருகன் என்று கண்டது மக்கள் பக்தி. கதிர்காமம் எம் ஊவா மாகாணத்திலேயே, மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. ஆகையால் மரத்தின்மேல் இருந்த சிறுவன் எங்கள் தோட்டத்து மக்களுக்கு அயலான் அல்லன். அண்டை வீட்டுப் பிள்ளை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. வெண்பாவின் வருத்தம் சொல்லிலே தோற்றதைப் பற்றியது. அதனைச் சுற்றிக் கதை பின்னியவர்களும், மணலில் கிடந்த கனியைக் குனிந்து எடுத்ததற்காக ஔவையார் நாணினார் என்று யாண்டும் சொல்லவில்லை. மூவேந்தர் அவையிலும் முதலிருக்கை பெற்றவர் என்று தாமே போற்றும் ஒருவரை, தயக்கமின்றிக் குனிய வைத்திருக்கின்றனர். பசித்தவர் விழுந்த கனியை எடுத்து மண்ணை ஊதி உண்பது அக்காலத் தமிழர் கண்ணில் இயல்பான செயலாக இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

செவிவழி வழக்கில் ஔவையாரின் உடன்பிறந்தவராகிய வள்ளுவரின் இல்லத்திலும் இதே செய்தி வேறு வடிவில் உண்டு. அவர் உண்ணும்போது ஊசியும் சிறு கிண்ணத்தில் நீரும் அருகே வைக்கும்படி வாசுகியாரைப் பணித்திருந்தார். இலைக்கு வெளியே சோறு சிந்தினால் ஊசியால் எடுத்து நீரில் கழுவுவதற்காம். வாசுகியார் பரிமாறியவரையில் ஒரு பருக்கையும் சிந்தவில்லை. தமக்கை ஊதி எடுத்தார். தம்பி கழுவி எடுக்க எண்ணினார். எறிவதற்கு இருவரும் இசையவில்லை.

ஊதினால் மாசு போகுமோ?

பண்டைக் கதையைச் சொல்லி இன்றைய பிள்ளைகளுக்கு நோயை வரவழைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆகவே அறிவியலார் கூறுவதையும் கேட்டல் வேண்டும். விழுந்த பொருளை ஐந்து விநாடிக்குள் எடுத்துவிட்டால் தீங்கில்லை என்றொரு நம்பிக்கை மேலைநாடுகளில் பரவியுள்ளது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ஷாஃப்னரும் ராபின் மிராண்டாவும் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. வத்தகப் பழம், பாண், வெண்ணெய் பூசிய பாண், மென்மையான இனிப்பு ஆகிய நான்கையும், எஃகு, ஓடு, மரம், கம்பளம் ஆகிய நான்கு பரப்புகளில் இட்டு, ஒரு விநாடிக்கும் குறைவு முதல் 300 விநாடி வரை விட்டுப் பார்த்தனர். நேரம் மிகுந்தால் கிருமி மிகுதியாக ஏறுகிறது. ஆனால் ஒரு விநாடிக்குள்ளும் ஏறிவிடுகிறது. ஈரம் மிக்க வத்தகப் பழத்திலேயே மிகுதியாக ஏறியது.

மரத்தின்மேல் இருந்த சிறுவன் அறிந்திருந்ததும் இதுவேயன்றோ? முற்றாத நாவற்காயில் மணல் ஒட்டாது. கனிந்து நெகிழ்ந்த கனியிலேதான் ஒட்டும். இனிமையும் மென்மையும் உள்ள பொருளே மண்ணை விரைந்து ஏற்கிறது. காய்ந்த ரொட்டிக்கும் குழைந்த கனிக்கும் ஒரே விதி இல்லை.

தரையின் தன்மையும் முக்கியமானது. மலையகத் தோட்டங்களிலே போதிய மலகூட வசதியின்றி, லயத்தைச் சூழ்ந்த மண்ணே நோய்க்கு விளைநிலமாயிருந்த காலம் உண்டு. கொக்கிப்புழு நோயை ஒழிக்க 1916 ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் பணி தொடங்கினர். கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்காலின் வழியே உட்புகுவது. வட்டப்புழுவின் முட்டைகளோ மண் படிந்த உணவோடும் கையோடும் வாயை அடைவன. கண்ணுக்குத் தெரியும் மணலை ஊதலாம். முட்டையும் கிருமியும் ஊதினாற் போகா. நீரால் நன்கு கழுவத்தக்கதைக் கழுவுதலே தக்கது. அவ்வகையில் கிண்ணத்தில் நீர் வைத்த தம்பியின் வழக்கம் தமக்கையினதைவிடச் சிறந்தது என்று இன்றைய அறிவு தீர்ப்பளிக்கும்.

ஆனால் அறிவியல் விடை சொல்லாத ஒரு பகுதியும் இவ்வினாவில் உண்டு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, தோட்டப்பகுதிகளில் சாவு மிகுந்தது. யான் அப்போது கைக்குழந்தை. வழியில் பையிலிருந்து சிந்திப்போன அரிசியை என் பாட்டியார் மண்ணோடு கூட்டி அள்ளிவந்து, முறத்தில் இட்டுக் கொழித்து, நீரில் பலமுறை அரித்து, கஞ்சி காய்ச்சியதாக என் தாயார் கூறுவார். விழுந்ததை உண்ணலாமா என்று அவர் எவரையும் கேட்கவில்லை. அவ்வினாவைக் கேட்பதற்கே வீட்டில் இன்னொரு பிடி அரிசி இருக்க வேண்டும். விருந்தினரை விரட்ட ஒருத்தி எடுத்த அதே முறம், பசித்த பிள்ளைகளுக்காக மண்ணிலிருந்து உணவைப் பிரித்துக் கொடுத்தது.

சிறுமிக்கு விடை

ஆகவே ஔவையார் அப்பழத்தை உண்டாரா?

உண்டார் என்பதே என் துணிபு. நூற்சான்று இல்லை; வாழ்க்கைச் சான்று உண்டு. தரையில் விடப்பட்டுப் பிறர் எடுத்து வளர்த்த குழவியாகத் தொடங்கியவர் அவர். வரகுச் சோற்றுக்கு உலகத்தை விலையாகக் கூறியவர். கீரையில் அமுதத்தைக் கண்டவர். அன்பில்லாத கை இட்ட வெண்சோற்றை மட்டுமே மறுத்தவர். கேட்டவுடன் ஒரு சிறுவன் மரத்தை உலுக்கித் தந்த கனியை, மணல் ஒட்டியது என்பதற்காக அவர் எறிந்திருப்பார் என்று என்னால் நம்ப இயலவில்லை. தோல்வியை நினைந்து அவர் இரண்டு இரவு உறங்காதிருந்திருக்கலாம். பசியோடு உறங்காதிருந்தார் என்று சொல்ல இடமில்லை.

தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் பெண்கள் செவ்வாய்க்கிழமை இரவிலே ஆடவர் எவரும் அறியாமல் ஔவை நோன்பு நோற்பது வழக்கம். உப்பில்லாத கொழுக்கட்டை செய்து தமக்குள் பகிர்ந்து உண்பர். தம் பசியை அறிந்த ஒருத்தி என்றே அப்பெண்கள் ஔவையாரைக் கொண்டாடி வந்தனர் போலும். பண்டிதர்களாகிய நாம் அவருடைய சொற்சாதுரியத்தைக் கற்பித்தோம். அவர் பசியைக் கற்பிக்க மறந்தோம்.

என் பிழை இப்போது எனக்குத் தெளிவாகிறது. ரொட்டி சுத்தமானதா என்று யான் நோக்கியது தவறன்று. பாடசாலை விறாந்தையில் நூறு பிள்ளைகளின் கால் படுகிறது. அங்கு விழுந்த உணவை ஐயுறுதல் ஆசிரியன் கடமையே. ஆனால் எறியச் சொல்வதற்கு முன் வேறு உணவு உண்டா என்று யான் கேட்கவில்லை. கேட்டு, என் உணவில் ஒரு பங்கை அவள் கையில் வைத்த பின் அதனை எறியச் சொல்லியிருந்தால் அது சுத்தம் கற்பித்தல் ஆகியிருக்கும். அன்பின்றி இட்ட அமுதையே மறுத்த மூதாட்டி, அன்பின்றிப் பறித்த என் செயலை எப்படிப் பாடியிருப்பாரோ?

மறுநாள் வகுப்பில், பாட்டி அந்தப் பழத்தைச் சாப்பிட்டார் என்று அச்சிறுமியிடம் கூறினேன். அவள் தலையசைத்து அமர்ந்தாள். எதிர்பார்த்த விடையே என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அன்று தொடங்கி, பாடசாலைக்குச் செல்லும் நாள்களில் என் பையில் இரண்டு ரொட்டி மிகுதியாக இருக்கும். அவை பெரும்பாலும் மாலையில் வீடு திரும்புவதில்லை.